வற்றத்தில் தெரியும் ஊர்: நீல் தீவுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, பரத்பூர்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து முற்பகலில் கப்பலேறி, மதிய உணவு வேளைக்கு அந்தமானின் நீல் தீவில் இறங்கினோம். 2018 டிசம்பர் முதல் இதன் அரசுப் பெயர் ஷஹீத் தீவு என்றாலும், கப்பல் சீட்டுக் கொடுப்பவர் முதல் இளநீர் விற்பவர் வரை எல்லோரும் நீல் என்றே சொல்கிறார்கள். 14 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இந்தத் தீவில், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் 1960களில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் காட்டைத் திருத்தி நெல்லும் காய்கறியும் பயிரிட்டார்கள். இங்குள்ள ஊர்களுக்கு ராம்நகர், லட்சுமண்பூர், பரத்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள் அமைந்துவிட்டன.

அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தங்கும் நீரில் உயிர்கள் வாழ்வதைப் பார்க்க வேண்டும் என்றாள். மதுரையில் பிறந்து வளர்ந்த எங்கள் அப்பத்தாவுக்கும் அந்த எண்ணம் பிடித்துப்போயிற்று. எனவே விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்தோம். நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும் பௌர்ணமி, அமாவாசை நாள்களை ஒட்டியே கடல் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும். அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டின் இழுப்பும் செங்கோணத்தில் பிரிந்துவிடுவதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அதிக வேறுபாடு இருக்காது. சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போதுகூட (கடலின் ஏற்ற இறக்கமே ஓதம்) இந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்தமானிலோ இரண்டு மீட்டர் அளவுக்குப் போகிறது. அந்த இரண்டு மீட்டரும், கரையிலிருந்து சரிவே இல்லாமல் நீளும் பவளப் பாறைத் தளமும் சேர்ந்துதான் இந்தத் தீவை நாங்கள் தேடி வந்ததற்குக் காரணம்.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் போர்ட் பிளேருக்கான நேரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் எழுதி என் கணவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். நாளைக்குப் பௌர்ணமி. மார்கழித் திருவாதிரையும் நாளைதான் என்பதால், அப்பத்தா ஊரிலிருந்தே களிக்கு வறுத்த மாவும் வெல்லமும் கொண்டுவந்துவிட்டார்.

சனி, லட்சுமண்பூர்

காலை ஒன்பது மணிக்கு லட்சுமண்பூரின் இரண்டாம் கடற்கரைக்குப் போனபோது, கரையோர மரங்களின் வேர் வரை தண்ணீர் நின்றது. அதே இடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. காலையில் அலையடித்த இடமெங்கும் பழுப்பும் பச்சையுமாகப் பாறைத் தளம் நீண்டு கிடந்தது. மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “தண்ணியெல்லாம் எங்கம்மா போச்சு?” என்று கேட்டான்.

இங்கே வருபவர்கள் எல்லோரும் பார்க்க வருவது, அலை அரித்துத் துளைத்த பெரிய பாறை வளைவை. வங்காளிக் குடியேறிகள் இதைத் கொல்கத்தாவின் நினைவாக ஹவுரா பாலம் என்றும் ரவீந்திர சேது என்றும் அழைத்தார்கள். படமெடுப்பவர்கள் பாலத்தின் கீழே வரிசையில் நின்றார்கள். ஆனால் பாலத்துக்குப் போகும் வழியில், நம் காலடியிலேயே, இந்தத் தீவின் மிகச் சிறந்த காட்சி இருக்கிறது.

வழிகாட்டியாக வந்த பெரியவர் வங்காள ஒலிப்போடு இந்தி பேசினார்; எங்களை ஆட்டோவில் கூட்டிவந்த இளைஞர் அதைத் தமிழில் சொன்னார். அந்த இளைஞருடைய தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவராம். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

பாறைத் தளத்தைக் கரையிலிருந்து கடலை நோக்கிக் கடந்தால், உயிர்கள் தங்கள் தாங்குசக்திக்கு ஏற்ப அடுக்கடுக்காக வாழ்வது தெரிகிறது. மேல்விளிம்பில், நாளின் பெரும்பகுதியை வெயிலில் கழிக்கும் பாறைகளில், சிறு நத்தைகள் ஓட்டின் வாயை இறுக மூடி உள்ளே ஈரத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றன. அதற்குக் கீழே சிப்பிகள் பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கின்றன. இன்னும் கீழே பாசி படர்கிறது. பாசிக்கு அப்பால், வற்றத்திலும் நீர் முற்றாக நீங்காத குழிகளில், பவளம் தொடங்குகிறது. மேலே இருப்பவற்றுக்கு வெயிலும் வறட்சியும் எல்லை. கீழே இருப்பவற்றுக்கு இடப்போட்டியும் தின்ன வருபவையும் எல்லை. ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த நடையில் இத்தனை வேறுபட்ட வாழ்க்கைகளைக் காட்டும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்களுக்கு முன்னால் போன ஒரு கூட்டத்தின் வழிகாட்டி, குழியிலிருந்து கறுப்பு நிறக் கடல் அட்டை ஒன்றை எடுத்து ஒரு சிறுவனின் கையில் வைத்தார். அது தன் பின்புறத்திலிருந்து வெண்ணிற இழைகளைப் பீய்ச்சியது; இழைகள் சிறுவனின் விரல்களில் ஒட்டிக்கொண்டன; சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இழைகள், தின்ன வரும் பிராணியைச் சிக்கவைப்பதற்காக அட்டை தன் உடலுக்குள் வைத்திருக்கும் ஆயுதம். இழந்ததை மீண்டும் வளர்க்க அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு நாளில் எத்தனையோ கூட்டங்கள் வருகிற இடத்தில், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே அட்டையை எடுத்துக் காட்டினால் அதன் கதி என்ன ஆகும் என்பதை அந்தச் சிரிப்புக்கு நடுவே யாரும் எண்ணவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. எங்கள் பெரியவரிடம், எதையும் தூக்க வேண்டாம், இடத்தை மட்டும் காட்டுங்கள் என்று மாமா மூலமாகச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்து, “அச்சா மாஜி” என்றார். அதன் பிறகு அவர் நடையே மெதுவாகிவிட்டது.

கடல் அட்டை வகைகள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. கீழை நாடுகளில் நல்ல விலை போவதால், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இவற்றைக் கடத்துபவர்கள் பிடிபடும் செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய உணவை எடுத்துக்கொண்டு, தூய மணலை வெளியே தள்ளுவதே இவற்றின் ஓயாத வேலை. இவை மூச்சு விடுவதும் பின்துளை வழியாகத்தான் என்று மகள் படித்துச் சொன்னபோது, அப்பத்தா நம்பவே மறுத்து, பெரியவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஞாயிறு, மீண்டும் அதே இடம்

இன்று வற்றம் நேற்றைவிட முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தாமதமாகியது. நிலவு நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துவதால் கடலும் பிந்துகிறது. பாலத்தைப் பார்த்துவிட்டதால் இன்று நடையே இல்லை; ஒரே ஒரு குழியைத் தேர்ந்தெடுத்து அதன் கரையில் உட்காருவது என்று முடிவு செய்தோம். அப்பத்தாவுக்காக மாமா ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்தார்.

குழி எங்கள் வீட்டுக் கூடத்துக் கட்டிலின் அளவுதான் இருக்கும். ஆழமான இடத்தில் மகனின் முழங்கால் வரை வரும். நாங்கள் போய் நின்றபோது அதில் நீரும் கல்லும் மட்டுமே இருந்தன. நிழல் நீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்கார்ந்து, கை காலை அசைக்காமல் காத்திருந்தோம். கல்லிடுக்கிலிருந்து முதலில் கறுத்த, மெல்லிய, முள் அடர்ந்த கை ஒன்று வளைந்து நெளிந்து வெளியே வந்தது, பின் இன்னொன்று. நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்குக்கை மீன் அது. பிடித்து இழுத்தால் அந்தக் கையை முறித்துவிட்டுத் தப்பி, பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். அடுத்து, இறந்த நத்தை ஓடு என்று நாங்கள் நினைத்திருந்தவற்றில் நாலைந்து எழுந்து நடந்தன. துறவி நண்டுகள். இவற்றின் வயிற்றுப் பகுதி மென்மையானது. அதைக் காக்க, செத்த நத்தையின் ஓட்டுக்குள் புகுந்துகொள்கின்றன. உடல் பெருத்தால் பெரிய ஓடாகப் பார்த்து, குடும்பம் பெருகியவர்கள் வாடகை வீடு மாறுவதைப்போல மாறிக்கொள்கின்றன. அழகாக இருக்கிறது என்று கரையில் நாம் பொறுக்கும் ஒவ்வொரு சங்கும் இவற்றுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் என்பதை மகன் தானாகவே சொன்னான். அதன்பின் நேற்றுப் பையில் போட்டிருந்த இரண்டு நத்தை ஓடுகளை எடுத்து, குழிக்கு அருகே மணலில் வைத்தான்.

குழியின் ஓரத்தில், பாறைக்குள் பாதி புதைந்து, அலையலையான உதடுகளை நீலமும் பச்சையுமாக விரித்திருந்தது ஒரு ராட்சதச் சிப்பி. இந்த வகையில் சிறியது, உள்ளங்கை அகலம்தான். அந்த நிறமுள்ள சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் உணவில் பங்கு சிப்பிக்குப் போகிறது. பாசிக்கு வெயில் கிடைக்கும்படி சிப்பி தன் சதையை விரித்து வைக்கிறது. பவளத்துக்கும் இதே ஏற்பாடுதான். நீர் அளவுக்கு மேல் சூடாகும்போது இந்தக் கூட்டு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடுகிறது. அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படி வெளுத்தது. மகள் மிக மெதுவாகக் கையை நீட்டி, நிழல் சிப்பியின் மேல் விழும்படி செய்தாள். சட்டென்று சதையைச் சுருக்கிக்கொண்டு ஓட்டை மூடியது. உதட்டு விளிம்பில் வரிசையாக இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு கண்களால் அது நிழலை உணர்கிறது. இரண்டாம் முறை அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு முறை மூடும்போதும் அதன் பாசிக்கு வெயில் போகிறது என்று அவளே தம்பிக்கு விளக்கினாள்.

ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்து, அதுவரை கல் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று மூச்சு விட்டது. முதலில் கண்டவர் அப்பத்தா. “அந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்குடி” என்று மெதுவாகச் சொன்னார். பழுப்பும் சாம்பலும் கலந்த தோல் நாங்கள் பார்க்கப் பார்க்க வெளிறி, மீண்டும் கறுத்து, பாறையின் கரடுமுரடுகளைத் தன்மேல் எழுப்பிக்கொண்டது. “அது பேய்க்கணவாய் பாப்பா” என்றார் மாமா. ஓர் ஆக்டோபஸ், தன் வளையின் வாயிலில் தின்று போட்ட நண்டு ஓடுகளுக்கு நடுவே, எங்களை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று இதயமும், செம்பு கலந்ததால் நீலமாக இருக்கும் இரத்தமும் கொண்ட உயிர் அது. ஒரு கையை மட்டும் நீட்டி, பக்கத்துக் கல்லின் அடியைத் துழாவி, எதுவும் கிடைக்காமல் மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டது. தூக்கிக் காட்டியிருந்தால் மை கக்கி ஓடியிருக்கும். அந்தத் துழாவலை நாங்கள் பார்த்திருக்க முடியாது. நாள் முழுவதும் இருபது குழிகளைச் சுற்றிக்காட்டும் பயணத்தைவிட ஒரு குழியின் கரையில் ஒரு மணி நேரம் உட்காருவது எவ்வளவோ மேல் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

திங்கள், சீதாபூர், விடியலுக்கு முன்

நாளுக்கு இரண்டு வற்றம் உண்டு. பகல் வற்றத்தைக் கண்டவர்கள் இரவு வற்றத்தையும் காண வேண்டும் என்று பெரியவர் சொன்னதால், அப்பத்தாவையும் மகனையும் உறங்கவிட்டு, விடியற்காலை நாலரைக்கு நாங்கள் மூவரும் அவரோடு தீவின் கிழக்கு முனைக்குப் போனோம். நிலா மேற்கே இன்னும் வெளிச்சமாக இருந்தது. கை விளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக் கட்டியிருந்தோம்.

வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரியாகத் தெரியும் குழிநீர், பகலிலும் இரவிலும் வேறு வேறு நீராக இருக்கிறது. பகலில் வெயில் அதைச் சூடாக்கும். ஆவியாவதால் உப்பு கூடும். பாசிகள் உணவு சமைப்பதால் உயிர்வளி (ஆக்சிஜன்) நிறையும். இரவில் சமையல் நின்றுவிடும். பாசி உட்பட எல்லோரும் மூச்சு மட்டும் விடுவதால் உயிர்வளி குறைந்துகொண்டே போகும். மழை பெய்தால் உப்பு திடீரென இறங்கும். இந்த மாற்றங்களில் எதுவும் திறந்த கடலின் மீனுக்குப் பழக்கமில்லை. குழியில் தங்குபவை வற்றத்துக்கு வற்றம் இவற்றைத் தாங்குகின்றன. ஆழமில்லாத ஒரு குழியில் விரல் நீளச் சிறு மீன்கள் சில நீர்ப்பரப்பை ஒட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்நீரில்தான் உயிர்வளி மிச்சம் இருக்கிறது. இதைப் படித்திருந்தாலும், நேரில் பார்த்தபோது என் மூச்சும் சற்று இறுகியது.

பகலில் எங்கும் தென்படாத சோழி ஒன்று, திறந்த பாறையில் ஊர்ந்துகொண்டிருந்தது. பல்லாங்குழி ஆடவும் தாயம் உருட்டவும் நாம் எடுக்கும் சோழியின் பளபளப்பு, உயிரோடிருக்கும்போது அதன் சதைப் போர்வை ஓட்டின் மேல் ஏறி முழுவதையும் மூடிக்கொண்டிருப்பதால் வருவது. விளக்கொளியைக் கண்டதும் அந்தப் போர்வை இரு பக்கமும் பின்வாங்க, உள்ளிருந்து ஓடு மெருகோடு வெளிப்பட்டது. மகள் நோட்டுப் புத்தகத்தில் நெடுநேரம் வரைந்தாள். பவளக் கிளைகளும், பகலில் உள்ளிழுத்து வைத்திருந்த நுண்ணிய கைகளை இப்போது நீட்டியிருந்தன.

விடியும்போது பெரியவர் 2004 டிசம்பர் 26ஐப் பற்றிப் பேசினார். அதுவும் மார்கழிப் பௌர்ணமி. நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. மேற்கே வடக்கு சென்டினல் தீவின் பவளத் தளமோ ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை உயர்ந்தது. அங்கே வற்றம் வந்தது, ஏற்றம் திரும்பவே இல்லை. நீருக்கு மேலே நின்றுவிட்ட பவளங்கள் வெயிலில் செத்தன. ஆறு மணி நேரம் தாங்கத் தெரிந்த உயிர்களுக்கு ஏழாவது மணி நேரத்துக்கு ஏற்பாடு இல்லை. அவர் சொல்லி முடித்தபோது எங்கள் குழிகளுக்கு நீர் திரும்பிக்கொண்டிருந்தது. அலை வந்து மேலே வழிவதற்கு முன்பே பாறை இடுக்குகளின் அடியிலிருந்து நீர் ஊறி மேலேறியதை மகள்தான் கவனித்தாள். சிறு மீன்கள் பரப்பை விட்டுக் கீழே போயின.

செவ்வாய், போர்ட் பிளேர்

திரும்பும் வழியில் கடற்படை நடத்தும் சமுத்ரிகா அருங்காட்சியகத்துக்குப் போனோம். பயணத்துக்கு முன்பைவிடப் பின்பு பார்ப்பதே நல்லது. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டுக்கும் இப்போது ஓர் உடலும் நடையும் எங்கள் மனத்தில் இருக்கின்றன. கூம்பு நத்தையின் ஓட்டைப் பிள்ளைகளுக்கு நன்றாகக் காட்டி வைத்தேன். அழகிய வரிகள் கொண்ட இந்த நத்தை, நச்சு ஊசியைப் பாய்ச்சி இரையைக் கொல்லும். இதன் சில வகைகளின் நஞ்சு மனிதரையும் கொல்லும், அதற்கு மாற்று மருந்து இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டிய இரண்டு மூன்று நாள்களைத் தேர்ந்தெடுத்தால் பிற்பகல் வெளிச்சத்திலேயே ஆழமான வற்றம் கிடைக்கும். குறித்த வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீரைப் பின்தொடர்ந்து இறங்க வேண்டும். நீர் திரும்பத் தொடங்கியதும் கரையை நோக்கி நடக்க வேண்டும், ஏனெனில் தாழ்வான வழிகள் முதலில் மூழ்கி, பாறையின் வெளிவிளிம்பில் நிற்பவர்களைத் துண்டித்துவிடும். கல்லைப்போலவே கிடக்கும் நச்சு மீனான கல்மீனின் முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும் என்பதால் அடிப்புறம் தடித்த, குதிகாலை மூடிய காலணி வேண்டும். பவளத்தின் மேல் மிதிக்காமல் மணலிலும் வெற்றுப் பாறையிலும் கால் வைக்க வேண்டும். புரட்டிப் பார்த்த கல்லை, அதன் அடியில் இருப்பவை வெயிலில் வதங்காதபடி, எடுத்த நிலையிலேயே திரும்ப வைக்க வேண்டும். விமான நிலையத்தில் பைகளைச் சோதித்துச் சங்கையும் பவளத்தையும் எடுத்துவிடுகிறார்கள். வழிகாட்டியிடம் எதையும் தூக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அவருக்குரிய கூலியோடு சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள். உட்கார்ந்து பார்க்கும் விருந்தினர்களாலும் தனக்கு வருமானம் உண்டு என்று தெரிந்தால் அடுத்த குடும்பத்தையும் அவர் அப்படியே உட்கார வைப்பார்.